இணைப்புப் பலகை

ஆயர் இல்லத்துத் தாள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது
அதில் மீன் நாற்றம் அடித்தது.
கோவில்பிள்ளை ஒனேசிம் அதைக் கருவாட்டுக் கிடங்கில்
ஒரு பகல் முழுக்க மறந்து வைத்திருந்தான்.
காஸ்பே கரையில் எதுவும் அப்படித்தான் வரும்,
தாமதமாக, உப்பேறி.

இனி ஜெபத்தில் 'உமது' வேண்டாம், 'உன்' என்று சொல்லுங்கள்,
அவர் உங்கள் தகப்பன்
என்றிருந்தது தாளில்.

எனக்குத் தெரிந்த தகப்பன் ஒருவர்தான்.
பதினொரு பிள்ளைகளும் அவருக்கு நீங்கள் போட்டோம்.
ரொட்டியை வெட்டுகிறீர்களா, அப்பா.
அடித்து முடித்துவிட்டீர்களா, அப்பா.
நீ என்பது நாய்க்கு,
பனியில் கிளம்ப மறுக்கும் டிரக்குக்கு,
விளக்கணைத்த பிறகு மட்டும்
என் தெலெஸ்ஃபோருக்கு.

தொலைபேசி நிலையத்தில் எனக்கு வேலை.
நாற்பது துளை, இருபது கயிறு, கால் ஆடும் நாற்காலி.
இந்த ஊரில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது
கடவுளுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும்.
மீன் கம்பெனி மேலாளர்
ஆள் தேடும்போது நீங்கள், கூலி கொடுக்கும்போது நீ.
சீர் வீட்டுச் சகோதரிகள் இருவரும்
சொத்து வழக்குக்குப் பிறகு
நீயிலிருந்து நீங்களுக்கு ஏறிக்கொண்டார்கள்.
அந்த மரியாதையைக் கேட்டால்
ஜூலை மாதத்திலும் கம்பளி தேடுவீர்கள்.

வியாழன் இரவு எட்டு மணிக்குப்
பங்குச் சாமியார் புஜோல்
ரிமூஸ்கியில் இருக்கும் தாயை அழைப்பார்.
நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா.
உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அம்மா.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டே விட்டேன்.
ஒட்டுக்கேட்டதைப் பாவமாகச் சொல்லிவிட்டு
அதே மூச்சில்,
பெற்றவளுக்கு நீங்கள், படைத்தவருக்கு நீ,
இது எந்தக் கணக்கு, சாமி?
சட்டத்துக்கு அப்பால் தொண்டையைச் செருமும் ஓசை.
மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லம்மா என்றார்.
சொன்னேன்.
மாதாவைப் பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை.
அவளுக்குப் பழைய மரியாதை அப்படியே.
தாய்மார்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிறு ஒவ்வொரு வரியிலும்
கோவில் இரண்டாகக் கிழிந்தது.
உமது நாமம் என்றது இடப்பக்கம்,
உன் நாமம் என்றது வலப்பக்கம்.
பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டேன்.
பல் விழுந்த இடத்துக்குப் போவது போல
நாக்கு மட்டும் அங்கேயே போய்ப் போய் வந்தது.

மார்ச்சில் ஒரு பின்னிரவு
ரிமூஸ்கி மருத்துவமனையிலிருந்து அழைப்பு.
சாமியாரை எழுப்பிக் கயிற்றைச் செருகினேன்.
ஹெட்செட்டைக் கழற்றியிருக்க வேண்டும்.
அவங்களுக்குக் கேட்கும், பேசுங்க, என்றாள் செவிலி.
நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் காற்று மட்டும்.
பிறகு அந்த அறுபது வயது மனிதர்
அம்மா, நீ
என்றார்.

அப்போதுதான் கழற்றினேன்.
மேசைமேல் கவிழ்ந்து கிடந்து
அது சின்னதாக முனகிக்கொண்டே இருந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வளைகுடாவில் பனிக்கட்டி ஒன்றையொன்று இடித்தது.
அது அன்பா, பயமா, அறுபது வருடக் கடனா,
பலகையில் அதற்கு ஒரு துளை இல்லை.

அடுத்த ஞாயிறு வேறொரு சாமியார்,
சின்ன வயது, பஸ்ஸைப் பிடிப்பவர் போல ஜெபித்தார்.
எங்கள் அன்றாட அப்பத்தை எங்களுக்கு இன்று
என்பது வரை
இருநூறு வாயும் ஒரே வாய்.
அதற்கப்புறம்
தாரும் என்றார்கள் சிலர், தா என்றார்கள் சிலர்.
நானும் ஒன்று சொன்னேன்.
ஒனேசிம் எதையோ நினைத்துக்கொண்டு
அந்த நேரம் பார்த்து மணியை அடித்துவிட்டான்.
ஊரையே கேட்கிற எனக்கு
என் குரல் கேட்கவில்லை.