தகப்பனின் வயது

படிவத்தில் ஆறாவது கட்டம்.
நாற்பத்தெட்டு என்று இலக்கத்தில் எழுதினேன்.
எட்டின் வயிறு மூடியதா தெரியவில்லை,
மேலால் இன்னொருதரம் அழுத்தினேன்.

காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி,
மழை விட்ட விடியல், நாலரை.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் இர்ஷாத்,
மாளிகாவத்தை, ஓட்டோ ஓடுகிறவன், இருபத்தொன்று.
அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி,
அதற்குள் துவாய், ஃபிளாஸ்க், மாமி அவித்துத் தந்த கொத்தமல்லித் தண்ணீர்.
என் மடியில் ஒரு கோப்பு.
ஸ்கேன் படங்கள் திகதிவாரியாக,
முன்பு இரண்டுதரம் இழந்ததன் அறிக்கைகள் அடியில்,
எல்லாவற்றுக்கும் மேலே என் பிரஷர் குளிசை.

"அங்கிள், மகளுக்கா?"
"மனுசிக்கு."
நாக்கைக் கடித்துக்கொண்டு
சுவரிலிருந்த தாய்ப்பால் படத்தை
வெகுநேரம் வாசித்தான்.

கணக்கு எனக்குப் பழகிய வேலை.
இருபத்தாறு வருசம் பஞ்சிகாவத்தையில்
வேறொருவரின் உதிரிப்பாகக் கடைக்குப் பேரேடு எழுதுகிறேன்.
சேமலாப நிதி கைக்கு வரும் வருசம்
பிள்ளைக்கு ஏழு வயது, முன்பல் விழுந்திருக்கும்.
சாதாரண தரம் எழுதும்போது எனக்கு அறுபத்துநாலு.
வங்கி இப்போதே சொல்லிவிட்டது,
அறுபதுக்கு அப்பால் தவணை நீளாதாம்.

தள்ளிப்போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
மூத்த தங்கையின் கலியாணம்,
இளையவளின் கனடா,
வெள்ளவத்தை அறைக்கு ஆறு மாத முற்பணம்,
சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்ற மாலைகள்,
பிறகு நாற்பத்தொன்றில் சுகிர்தா.
ஒவ்வொன்றும் ஒரு வருசம்தான் கேட்டது,
கைமாற்றுக் கேட்பதுபோல.

அப்பாவுக்கு நான் பிறக்கும்போது இருபத்துமூன்று.
நாற்பத்தாறில் செத்தார்,
மருதானை ரயிலில், நின்றபடியே.
ஆகவே இப்போது நான் அவரைவிட மூத்தவன்.
நரைத்த அப்பாவை எனக்குத் தெரியாது.
ஓடிப்போய் பஸ்ஸில் தொங்குகிற அப்பா,
தோளில் என்னை வைத்துக்கொண்டு
காலிமுகத் திடலில் பட்டத்தைத் துரத்துகிற அப்பா,
அவரை மட்டும்தான் தெரியும்.
என் பிள்ளைக்கு அந்த ஆளைத் தெரியாமல் போகும்.

கதவு திறந்தது. தாதி, கையில் அட்டை.
"சுகிர்தாகே பபாகே தாத்தா கவுத?"

அவள் மொழியில் தாத்தா என்றால் அப்பா.
இருபத்தாறு வருசமாக அந்த மொழியில் விலை பேசுகிறவனுக்கு
இது தெரியாததல்ல.
ஆனாலும் அந்த விடியலில் அந்தச் சொல்
முதலில் தமிழில்தான் வந்து விழுந்தது.
இர்ஷாத்துக்கும் அப்படித்தான் விழுந்திருக்கவேண்டும்,
குனிந்து சிரிப்பை வாளிக்குள் போட்டான்.
நான்தான் என்று எழும்பினேன்,
இரண்டு மொழிக்குமாக.

பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
கிட்டப் பார்க்கிற கண்ணாடி வீட்டில், மேசையில்.
முகம் வெறும் மங்கல்,
சிவப்பில் ஒரு கொட்டாவி.
எட்டப் பிடித்தால்தான் தெரியும்,
எட்டப் பிடிக்கப் பயம்.
கதவடியிலிருந்து இர்ஷாத்தின் குரல்:
"கழுத்துக்குக் கீழ கையக் குடுங்க அங்கிள்.
எங்கட ஊட்டுல ஆறு பேர், நான்தான் மூத்தவன்."
கொடுத்தேன்.
கழுத்து என்று அங்கே ஒன்றும் இல்லை,
ஒரு சூடு இருந்தது.

பிள்ளையைத் திருப்பி வாங்கிப் போனார்கள்.
அவனுடைய படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன்.
ஆறாவது கட்டத்தில் பேனை நிற்காமல் போனது.
வெளியே பொரளைக் காகங்கள் தொடங்கிவிட்டன.
கனத்தை மயானத்துக்கும் இங்கேயும்
சந்தியிலிருந்து ஒரே காசுதானாம் அவன் எடுப்பது.
"பயமா இரிக்கா அங்கிள்?"
"இருக்கு."
"எனக்கும்தான்" என்று ஃபிளாஸ்கின் மூடியைத்
திறந்தான், மூடினான், திறந்தான்.

கதவு மறுபடி. அதே தாதி.
பெயரை நான் கேட்கவில்லை,
"தாத்தா கவுத?" மட்டும் கேட்டது.
வாளி உருண்டு கொத்தமல்லித் தண்ணீர் ஓட
அவன் எழும்பினான்.
நானும்
அரைவாசி எழும்பிவிட்டேன்.