எட்டு ஜிபி

நரின் நகர நூலகத்தில் ஒன்பது கணினிகள்.
எதிலும் எதையும் நிறுவ முடியாது.
கடவுச்சொல் தலாய்பெக்கின் தலைக்குள் இருக்கிறது.
தலாய்பெக்கோ எகாத்தெரின்பர்கில்
யார் வீட்டுக்கோ சுவர் பூசிக்கொண்டிருக்கிறான்.

நூலகர் ஜுமாகுல் இரண்டு முறை போன் போட்டார்.
முதல் முறை, மறந்துவிட்டேன் என்றான்.
இரண்டாம் முறை, அங்கே பனி எப்படி என்று கேட்டான்.

எனக்கு பைத்தான் வேண்டும்.
பாடத்திட்டத்தில் இருக்கிறது, பள்ளியில் இல்லை.
"பென் டிரைவில் போட்டுக்கோ.
நிறுவவே வேண்டாம், செருகினால் ஓடும்" என்றான் நியாஸ்.
பென் டிரைவுக்கு எங்கே போக?

அக்கா அலமாரியைத் திறந்தாள்.
வெள்ளைப் பட்டுப் பெட்டி, அதற்குள்
இதய வடிவில் ஒன்று, எட்டு ஜிபி,
கல்யாணப் போட்டோக்காரர் கொடுத்தது.
"எல்லாத்தையும் அழிச்சிடு" என்றாள்
கெண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அழிக்கும் முன் ஒருமுறை பார்த்தேன், பொய் சொல்வானேன்.
நூற்றுப் பத்து நிமிடம்.
கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டும் மாமா சிரிக்கிறார்.
ஆட்டுத்தலையை யார் முன்னால் வைப்பதென்று ஒரு சச்சரவு.
ஓரிடத்தில் அக்கா நேராகக் கேமராவைப் பார்த்து
எதையோ கேட்க வாய் திறக்கிறாள்.
அங்கே ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள்.

ஒரு கல்யாணம் அழிய நான்கு விநாடி.
காலியான இடத்தில் பைத்தான் குடியேற நாற்பது நிமிடம்.
சின்னச் சின்னக் கோப்புகள், ஆயிரக்கணக்கில்,
மழைக்கு முந்தைய எறும்புகளாக.

மறுநாள் மூன்றாம் எண் கணினியில் செருகினேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கையுறையோடு ஒற்றை விரலால் தட்டி
இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னேன்.
நாலு என்றது.
நாலுக்கெல்லாமா அழுவார்கள்?

வியாழக்கிழமை மூன்றில் வேறொருவன், டேங்க் விளையாட்டு.
ஏழில் உட்கார்ந்தேன். ஓடவில்லை.
கோப்பு இல்லை, பாதை இல்லை என்று
சிவப்பு எழுத்தில் ஒரே புலம்பல்.
அதே டிரைவ். அதே நான்.
மூன்றாம் கணினி அதை ஈ என்று கூப்பிட்டது,
ஏழாம் கணினி ஜி என்று கூப்பிடுகிறது.
நானோ வரிக்கு வரி
ஈ, ஈ என்று எழுதிவைத்திருக்கிறேன்
பிச்சைக்காரி மாதிரி.

நியாஸ் எட்டிப் பார்த்தான்.
"வீட்டு முகவரி எழுதாதே.
நிற்கிற இடத்திலிருந்து வழி சொல்லு."
அதற்கு ஒரு புள்ளி போதுமாம்.
புள்ளி என்றால் இங்கே.
எங்கே செருகியிருக்கிறதோ, அந்த இங்கே.

இருபத்தாறு இடத்தில் ஈயை எடுத்துப் புள்ளி வைத்தேன்.
ஏழில் ஓடியது. ஒன்றில் ஓடியது.
திக்கித் திக்கி ஆறில்கூட
(ஆறுக்கு விசிறி செத்து ஒரு வருஷம்).

அக்காவிடம் சொன்னேன்.
மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து
காலுறையை உரித்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் வீடு, பிறகு அவன் வீடு, மறுபடி எங்கள் வீடு;
இப்போது எனக்கும் அவளுக்கும் ஒரே கட்டில்.
"ஒரு புள்ளியா?" என்றாள். "அவ்வளவுதானா?"
பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
ஒவ்வொரு முறை செருகும்போதும்
திரையின் மூலையில்
சைரா + எர்மெக் என்று வருகிறது.
உள்ளே இருந்ததெல்லாம் போயும்
டிரைவின் பெயர் போகவில்லை.
மாற்றுவது பத்து நொடி வேலை.

நேற்று மாற்றப் போனேன். என்ன பெயர் வைக்க?
என் பெயரா? பைத்தானா?
கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக
அழித்துக்கொண்டே வந்தேன்,
எர்மெக், கூட்டல் குறி, ஒரு வெற்றிடம்.
சைரா மிஞ்சியதும் விரலை எடுத்துவிட்டேன்.

மூடும் நேரம். ஜுமாகுல் விளக்கை
அணைத்து அணைத்துப் போட்டார்.
பாதுகாப்பாக எடுக்கலாம் என்றது கணினி.
எடுத்தேன்.
சுட்டது.
கோட்டுக்குள், அதற்கும் உள்ளே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பனிக்குள் இறங்கினேன்.