ஓம்புயிரி

ஊசி கழற்றிய சிரிஞ்சு.
இலையின் அடியை விரலால் தாங்கி
மெல்ல அழுத்தினால்
ஈரம் உள்ளே பரவும்; பச்சை ஒரு படி கறுக்கும்.
ஆறு வட்டம், மார்க்கரில் எண்.
கண்ணாடிக்கூரைமேல் ஹாலே நகரத்துச் செப்டம்பர் மழை.

பாக்டீரியா நுழைந்தபின் இலைக்கு இரண்டே வழி.
அடையாளம் தெரியாவிட்டால்
உபசரித்து உபசரித்தே சாகும்.
தெரிந்துவிட்டால்
வந்தவன் நிற்கும் அறையைக் கொளுத்தும்,
தன் அறையைத்தான்.
இரண்டு நாளில் அங்கே காகிதம்போல் ஒரு பழுப்பு;
சுற்றிலும் பச்சை,
எதுவும் நடக்காததுபோல.

பள்ளியில் ஓம்புயிரி என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கினேன்.
விருந்தோம்பலில் இருக்கும் அதே ஓம்பல் என்று
அன்று உறைக்கவில்லை.
இங்கே இதற்கு வீர்ட் என்று பெயர்.
பியர்க்கடை முதலாளியும் வீர்ட்தான்.
"சந்தேகம் வந்தால் கடைக்கே தீ வைப்பவர்,"
என்று சிரித்தாள் வீப்கே.

விசா நீட்டிப்புக் கடிதம் பையில் இருந்தது.
இதை உவமையாக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம்.
ஒரே ஒரு புரதம். அதில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால்
இலை ஏமாறுமா?
ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.
ஆறு வட்டமும் செத்திருந்தன,
வெறும் உப்புநீர் செலுத்திய ஆறாவதும்.
எதைக் கண்டு மிரண்டது அது?
என் நகத்தையா?

அன்று மாலை
கீழ்வீட்டு கோல்டிட்ஸ் அம்மையார்
தக்காளி இலை ஒன்றை உறையில் போட்டு வந்தார்.
கரும்புள்ளி, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம்.
"நீங்கள் இதைத்தானே படிக்கிறீர்கள்?"

இதைத்தான்.
இதை இல்லை.
என் புரதத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் இடம்
அவர் பால்கனிக்கு எதற்கு?
பிடுங்கிவிடுங்கள் என்றேன், வேரோடு.
உரக்குழியில் போடாதீர்கள்.
வேறொன்றும் தெரியவில்லை எனக்கு.

மறுநாள் என் கதவருகே மூன்று பச்சைக் காய்கள்.
இரண்டு ஜன்னலோரம் பழுத்தன; ரசம் வைத்தேன்.
மூன்றாவது உள்ளிருந்தே கறுத்தது.
அதன் பூஞ்சணத்தைக் கிள்ளி
குளிர்ந்த நீர்த்துளியில் இட்டு
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.
எலுமிச்சை வடிவில் பைகள்.
என் ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை;
பார்க்கவேண்டிய மின்னஞ்சல்கள் பதினேழு.

ஒரு மணி நேரம் கழித்து
ஒரு பை திறந்தது.
ஏழோ எட்டோ வெளியே நீந்தின,
வாலடித்து, அவசரமாக,
இலையைத் தேடி.
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
இலையே இல்லை.
அது தெரியாமல்
நீந்திக்கொண்டிருந்தன.