ஐந்து குரோனர் ஸ்பிரிங்

பெட்டியின் உள்நீளம் ஐம்பத்தைந்து.
குழாயின் அடித்துண்டு எழுபத்திரண்டு.
போடில் இரண்டு நாளாய்ப் பேசவில்லை,
அளந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை போர்ன்ஹோம் தீவு;
உழுது போட்ட வயல்,
சொந்தக்காரர் கையெழுத்திட்ட அனுமதி,
எல்லாம் தயார்.
மெட்டல் டிடெக்டர்தான் மடங்க மறுத்தது.

கடைசியில் அடித்துண்டை வைஸில் கவ்வக் கொடுத்து
நடுவில் அறுத்தாள்.
எனக்குப் பல் கூசியது.
உள்ளே நுழைய ஒரு சன்னக் குழாய்,
துளை வழியே தலைநீட்ட
பொத்தான் வைத்த ஸ்பிரிங்.
பிசிறை அரத்தால் நீவி
விரலால் தடவி
மறுபடி நீவினாள்.

பூட்டிப் பார்க்கப் புல்வெளிக்கு வந்தோம்.
ஸ்பிரிங் துள்ளி எங்கோ விழுந்தது.

தேடவேண்டியது உலோகம்.
தேடும் கருவி மூன்று துண்டு.
அதை ஒன்றாக்குவது புல்லுக்குள்.

சுருள்தட்டோடு கடைத்துண்டைப் பிடித்து,
கருவியின் மூளையைக் கழுத்தில் தொங்கவிட்டு
முழங்காலில் ஊர்ந்தாள்.
வேலிக்கு அப்பால் தோர்கில்:
"வைக்கிங் புதையலா?"
"ஐந்து குரோனர் ஸ்பிரிங்."

முதலில் ஒரு பீர் மூடி.
அப்புறம் நான் தொலைக்கவே இல்லையென்று
சத்தியம் செய்த சைக்கிள் சாவி.
அந்தப் பூட்டை
போன மாதம்தான் இதே ரம்பத்தால் அறுத்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை என் சட்டைப் பையில் போட்டாள்.

மூன்றாவது கீச்சலில் ஸ்பிரிங்.

இப்போது பெட்டி மூடுகிறது,
என் சட்டைகளை எடுத்துவிட்டால்.