ரோஸ்டியின் இடது கால்

காலை வேலைக்குப் போகுமுன் ஒருதரம்,
வந்து சப்பாத்தைக் கழற்றியதும் ஒருதரம்,
இளஞ்சூட்டு நீரில் கசப்பு உப்பைக் கரைத்து
உன்னை நிறுத்தி வைக்கிறேன்.
பத்து நிமிடம்.
கடிகாரத் தொழிற்சாலைக்காரிக்குத் தெரியும்
பத்து நிமிடம் எவ்வளவு என்று.
நீயோ நாலாவது நிமிடமே
தொட்டிக்குள் கழிந்துவிட்டு
என்னைத்தான் குற்றம் சொல்வதுபோல் பார்க்கிறாய்.

மழை பிடித்தால் கிரென்ஷனில்
மலையே இல்லாமல் போய்விடும்.
தோட்டத்தில் புட்டு நிற்கிறாள், உன் சோடி.
விழுகிற துளியெல்லாம் அவள் முதுகில்
தாமரை இலையில் விழுந்ததுபோல் உருண்டோட,
சும்மா நிற்கிறாள்.
உனக்கு அந்த வித்தை கைவிட்டுப் போயிற்று.
வாலடியில் எண்ணெய் ஊறவில்லையோ,
ஊறியதை அலகால் எடுத்துப் பூச
கால் வலி குனிய விடவில்லையோ,
நனைந்தால் நனைந்ததுதான்.
துவைத்துப் பிழியாத கம்பளிச் சட்டைபோல
கனத்துப் போகிறாய்.
குளத்தில் இறக்கினால் வாத்து தாழுமென்று
யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

பாதத்தைத் திருப்பி, விளக்கைக் கிட்டப் பிடித்து,
மிருக வைத்தியர் ஷ்டூடர் அம்மா
ரயில் பெட்டிகள்போல் நீண்ட ஒரு சொல் சொன்னார்.
நான் பார்த்தேன். காலாணி.
நாள் முழுக்க நின்று வேலை செய்கிற எல்லோருக்கும்
வருவதுதானே என்று நினைத்தேன்.
தீனியில் பியர் ஈஸ்ட் தூவச் சொன்னார்.
கல்தரையில் விடாதே என்றார்.
பிறகு பில்லைத் தந்தார்.

இருநூற்று அறுபத்து நாலு பிராங்க்.
சிவநேசன் இரண்டுமுறை வாசித்தார்.
பதினாறு வருடமாக உணவகத்தில்
வாத்துத் தொடைக்குத் தோடம்பழச் சாறு ஊற்றுகிறவர்.
ஒன்றும் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் இரவு
கராஜில் ஏதோ இழுபடும் சத்தம்.
எண்ணெய் மணக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பு,
சமையல்காரர்கள் கால் நோகாமல் நிற்கப் போடுவது,
உன் கூட்டுக்குள் அளவாக வெட்டிக் கிடந்தது.
கேட்டால்,
எறியத்தானே வைத்திருந்தார்கள் என்றார்.

கண்ணுக்குத் தெரியாத திருகாணியை
மூச்சை அடக்கி எடுத்து வைக்கிற கை இது.
ஒருநாளும் நடுங்கியதில்லை.
நேற்று உன் பொருக்கு ஊறி, ஓரம் கிளம்பி,
இடுக்கியால் பிடித்து இழுக்கும்போது
கறுத்த உளுந்துபோல ஒன்று
அடிவேரோடு வந்தது.
நீ கத்தவில்லை.
ஆரபியின் முழங்கைக்குள் தலையைச் செருகிக்கொண்டாய்.
இடுக்கிதான்
தொட்டியின் விளிம்பில் டிக் டிக்கென்று தட்டியது.

அயடின், பஞ்சு, நீலப் பட்டி.
அதற்குமேல், ஆரபிக்குச் சிறுத்துப்போன
நீச்சலுடையில் வெட்டித் தைத்த சப்பாத்து.
அன்னநடை, அன்னநடை என்று
எத்தனை பெண்களைப் பாடி வைத்திருக்கிறார்கள்!
ஒற்றைச் சப்பாத்தோடு நீ
குளியலறையிலிருந்து கூடம்வரை
தத்தித் தத்தி வருவதைப் பார்த்தால்
அவர்கள் வேறு ஏதாவது யோசித்திருப்பார்கள்.
பாலையும் நீரையும் பிரிக்கிற சாதி இல்லை நீ.
சோற்றையும் சேற்றையுமே கலக்கித்தான் உண்பாய்.

இறகு உதிர்கிற காலம்.
கூட்டில், துவாயில், என் வேலைச் சட்டைப் பையில்கூட
உன் பழைய இறகு.
வேலையிடத்தில் உருப்பெருக்கிக்குக் கீழே
ஒன்று வந்து கிடந்தது.
ஓரமெல்லாம் பிரிந்து, நூல் நூலாய்.
மேற்பார்வையாளர் ஹூக்லி
தூசி, என்றார். ஊதிவிட்டார்.

இன்று மாலை தூறலில்
உன்னை ஒரு நிமிடம் வெளியே வைத்தேன்,
குடைக்கு வெளியே.
புட்டு ஓடிவந்து உன் கழுத்தைக் கொறித்தாள்.
முதுகு நனைந்தது. மார்பு நனைந்தது.
இடது தோளில் புதிதாய் முளைத்த இறகு ஒன்றில்
ஒரு துளி
நின்றது.
உருளுமா, ஊறுமா என்று குனிந்து பார்க்கையில்
உடம்பை உதறினாய்.
என் முகமெல்லாம் தண்ணீர்.

தெரியவில்லை.
நாளை ஐந்தேகாலுக்கு எழும்ப வேண்டும்.
கசப்பு உப்பு முடியப் போகிறது.