உன் முறை

விவாகரத்துப் பத்திரத்தில்
படகு உனக்கு, அடுக்ககம் எனக்கு.
பனிச்சறுக்குக் கட்டைகளைக்கூட
ஜோடி ஜோடியாய் எண்ணிப் பிரித்தார்கள்.
டார்ட்டு நீதிமன்றத்தின் எந்தப் படிவமும்
ஹல்யஸ் என்ற நிலவைப் பற்றிக் கேட்கவில்லை.
நாமும் சொல்லவில்லை, தார்மோ.

ஆறு குவிமாடம், இரண்டு சுரங்கம், ஓர் ஏவுதளம்,
நூற்று அறுபத்து நான்கு குடிகள்.
ஆட்சியாளர்கள்: தார்மோ, லீவிகா
என்று இன்னும் திரையின் தலைமாட்டில்.

நீ ஆடி அனுப்புவாய்.
நான் ஆடி அனுப்புவேன்.
கடிதம் கிடையாது, கோப்பு மட்டும்.

பகலெல்லாம் பல் ஆய்வகத்தில்
யாருடைய கடைவாயையோ பீங்கானில் செதுக்கிவிட்டு
விரலிடுக்கில் வெள்ளைப் பொடியோடு
கணினியைத் திறக்கிறேன்.
வெளியே ஆறு ஓரங்களிலிருந்து உறைகிறது.
உன் முறை, உன் முறை என்று மினுக்குகிறது திரை.

உன் கைவேலை பார்த்ததும் தெரியும்.
மேற்கே மூன்று பீரங்கி, அதற்கப்பால் இன்னும் இரண்டு,
இரும்பு மிஞ்சினால் அடுத்த பள்ளத்தாக்கு.
அகலக் கால் வைக்காதே என்று
பதினோரு வருடம் சொல்லி நாக்குத் தேய்ந்தவள் நான்.
உனக்குப் புறம், எனக்கு அகம்:
நீர் மறுசுழற்சி, பாசித் தொட்டி, உருளைக்கிழங்கு,
தலைக்கொரு படுக்கை, முப்பது நாள் காற்று இருப்பில்.
நம் வீட்டிலும் அப்படித்தான்.
நீ கொட்டகைக்குப் பக்கத்தில் கொட்டகை எழுப்பினாய்,
நான் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தேன்.

சரி, நூற்று நாற்பதாம் முறையில்
கொள்ளையர் இறங்கியபோது
காப்பாற்றியது உன் பீரங்கிகள்தான்.
அப்போது நான் அதைச் சொல்லவில்லை.

இன்று, இருநூற்றுப் பதினோராம் முறை.
மூன்றாம் குவிமாடத்துக்கும் ஐந்தாவதற்கும் நடுவே
புதிதாய் ஒரு நடைபாதை.
நாற்பது இரும்பு, எட்டுக் கண்ணாடி.
எதையும் விளைவிக்காது, எதையும் சுடாது.
ஆலோசகன் சிவப்பில் கேட்கிறான்:
வீண் கட்டுமானம். இடிக்கலாமா?

யார் இதில் நடக்கிறார்கள் என்று தேடினேன்.
ஒரே ஒருத்தி. குடி எண் எண்பத்தெட்டு.
எந்திரம் வைத்த பெயர், வாயில் நுழையாது.
படுக்கை ஐந்தில், பாசித் தொட்டி மூன்றில்.
விண்ணுடை மாட்டி, காற்றடைப்பு திறந்து,
தூசியில் பள்ளத்தைச் சுற்றிப் போய்,
அங்கே கழற்றி,
மாலையில் மறுபடி மாட்டி.
அவளை அங்கே வைத்தவள் நான்.
பாசியின் எண் பச்சையாக இருந்தது,
அதற்குமேல் பார்க்கவில்லை.

நீ பார்த்திருக்கிறாய்.
குய்வஸ்துப் படகின் எந்திர அறையில்
இரண்டு நடைக்கு நடுவே, காபி ஆறிக்கொண்டிருக்க,
ஒருத்தி எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று
எண்ணியிருக்கிறாய்.

கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது.
வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் இருபது நிமிடம்,
எட்டுக் குளிர்காலம்,
கார்ச் சாவி உன் பையில்.
அப்போது எங்கே போயிற்று இந்தக் கண்?

இடி என்ற பொத்தானின் மேல்
அம்புக்குறி வெகுநேரம் நின்றது.
கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

பிறகு, மேற்குக் கோடிப் பீரங்கியை அணைத்தேன்.
மிஞ்சிய இரண்டு அலகு மின்சாரத்தில்
நடைபாதைக்கு ஒரு ஹீட்டர்.
உனக்குப் பிடிக்காது, தெரியும்.
கொள்ளையர் வந்தால் என் தலையில்தான் விடியும்.

எண்பத்தெட்டு
விண்ணுடை இல்லாமல் நடக்கிறாள்.
கண்ணாடிக்கு நேராக, பாதியில், ஒரு கணம் நிற்கிறாள்.
அது கோளாறாக இருக்கலாம்.
போன மாதம் புதுப்பித்ததிலிருந்து
எல்லோருமே அங்கங்கே நிற்கிறார்கள்.

முறையை முடித்தேன். அனுப்பிவிட்டேன்.
காற்று இருப்பு இருபத்தொன்பது நாள்.