பன்னிரண்டு

இருபத்தைந்தில் வைத்துப் பார்த்தால்
ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்
இரும்புத் தகட்டில் நேற்றைய தோட்டாவின் தழும்புகூடத் தெரிகிறது.
"அதற்குத்தானே அவ்வளவு டாலர்" என்கிறான் ரூலன்.

தெரிகிறதுதான்.
கூடவே யூட்டா பாலையின் கானலும்
என் நாடித் துடிப்பும் இருபத்தைந்து மடங்கு.
தகடு உலைநீருக்குள் கிடந்து குதிக்கிறது.

வளையத்தைத் திருகினேன்.
பதினெட்டு. பதினைந்து.
பன்னிரண்டில்
மிளகளவாகி அசையாமல் நின்றது.

"லவான், இவ்வளவு சின்னதாகவா?"

பதில் சொல்லவில்லை.
பாதி மூச்சில் நிறுத்தி
விசையில் விரல் வைத்த நேரம்
இடது ஓரத்திலிருந்து
குட்டியோடு ஒரு கவைக்கொம்பு மான்.

இருபத்தைந்தில் அந்த ஓரமே கிடையாது.

விரலை எடுத்தேன்.
அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டே
தகட்டை உரசிப் போகிறது குட்டி.
காற்று மாறுகிறது என்று
முணுமுணுக்கிறான் ரூலன்,
கடிகாரத்தைப் பார்த்து.